ஓரத்தில் நிற்கிற ஜூல்ஸை வெட்டிவிட்டீர்கள்

எங்கள் ஊர்ப் படச் சங்கத்தின் தலைவர், செயலாளர், படத் தேர்வுக் குழுவினர் எல்லோருக்கும்,

வணக்கம். போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை நீங்கள் போட்ட 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்' என்ற பிரெஞ்சுப் படத்தைப் பற்றித்தான் இந்த மடல். அன்றைக்கே எழுந்து பேசியிருக்கலாம். ஆனால் படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கையில் திணித்து, "தவறு யார்மேல்?" என்று குறிக்கச் சொன்னீர்கள். ஜூல்ஸ், ஜிம் என்ற இரண்டு நண்பர்கள், இருவரும் விரும்புகிற கத்ரீன் என்று மூன்று பெயர், பக்கத்தில் மூன்று கட்டம். நான் சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க வந்துவிட்டேன். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குள் அடங்காததால் இங்கே எழுதுகிறேன்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில் ஃபேனுக்கு நேர் கீழே உட்காருகிற, ரயில் தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பது வருடத்துக்கு மேல் தபால் பிரித்து ஓய்வு பெற்ற அம்மா. சினிமாவைப் பாடமாகப் படித்தவள் இல்லை. ஆனால் இந்தப் படத்தை இதற்கு முன் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அதனால்தான் அன்றைக்கு எது எது காணாமல் போனது என்று எனக்குத் தெரிந்தது. முதல் தடவை பார்க்க வந்த பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

சின்ன விஷயத்தில் ஆரம்பிக்கிறேன். புரொஜெக்டர் பக்கத்தில் நின்ற தம்பி இரண்டு இடத்தில் லென்ஸுக்கு முன்னால் கையை வைத்தார். குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள் என்ற அக்கறை புரிகிறது. ஆனால் தம்பி, அந்தப் படத்தில் மறைக்க என்ன இருக்கிறது? மலைவீட்டில் இரவு, ஜன்னலோரம், ஜிம் கத்ரீனின் முகத்தை விரலால் மெல்லத் தொட்டுக்கொண்டு போகிறான். பின்னால் கண்ணாடியில் ஒரு பூச்சி ஊர்ந்து போகிறது. அவ்வளவுதான். அந்தப் பூச்சியை யாரும் திட்டம் போட்டு விட்டிருக்க முடியாது, அது பாட்டுக்கு வந்து ஊர்ந்திருக்கிறது. இத்தனை வருடம் ஏங்கிய ஒருவன் முதன்முதலாகத் தொடும்போது உலகத்தில் வேறு எதுவும் நிற்கவில்லை என்பதை அந்தப் பூச்சியைவிட யார் சொல்ல முடியும்? உங்கள் உள்ளங்கை அதைத்தான் மறைத்தது. இருட்டில் கூடம் முழுக்க ஒரு சிரிப்பு வேறு. மறைத்ததால்தான் சிரித்தார்கள்.

இன்னொன்று, பாட்டு. கிதாரோடு ஒருவன் வர, கத்ரீன் நாற்காலியில் உட்கார்ந்து பாடுவாள். 'சுழல்' என்கிற பொருளில் பெயர் கொண்ட பாட்டு. ஒருவரை ஒருவர் கண்டு, பிரிந்து, மறுபடி கண்டு, மறுபடி பிரிந்து என்று சுற்றிச் சுற்றி வரும். நீங்கள் "பாட்டுத்தானே" என்று ஓட்டிவிட்டீர்கள். நம் ஊரில் டிவிடி வந்த நாளிலிருந்து பழகிய பழக்கம். கிதார் வாசிக்கிறவர்தான் அந்தப் பாட்டை எழுதியவர். பாஸ்ஸியாக் என்ற புனைபெயரில் ரெஸ்வானி எழுதிய பாட்டு அது, படத்தில் ஆல்பெர்ட்டாக நடிப்பவரும் அவரே. கத்ரீனாக நடிக்கும் ழான் மோரோ பாடும்போது ஒரு இடத்தில் வரிகளை மாற்றிப் பாடிவிட்டு, கையால் ஒரு சின்னச் சைகை காட்டிவிட்டுத் தொடர்வார். இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோ அந்தத் தவறோடேயே அதைப் படத்தில் வைத்துக்கொண்டார். தவறு யார்மேல் என்று சீட்டு அடித்த சங்கம், படத்திலேயே அழகான தவறைத் தாண்டிக் குதித்துவிட்டது. சரி, இதை விடுங்கள்.

விட முடியாதது திரையின் அகலம். 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்' அகலத்திரைப் படம். உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அகலம். நம் கூடத்துச் சுவர் அந்த அளவுக்கு நீளம் இல்லை. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டுச் சின்னதாகக் காட்டியிருந்தால் போதும். சுவர் நிறையட்டும் என்று பெரிதாக்கிவிட்டீர்கள், இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டது. மூன்று பேரும் சைக்கிளில் போகிறார்கள், மூன்று பேரும் கடற்கரைக்கு நடக்கிறார்கள், மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒளிப்பதிவாளர் ராவுல் குத்தார் மூவரையும் ஒரே சட்டத்துக்குள் வைக்கத்தான் அந்த அகலத்தை எடுத்துக்கொண்டார். நீங்கள் வெட்டியதில் பாதி நேரம் இரண்டு பேர்தான் தெரிந்தார்கள். தெரியாமல் போனவர் பெரும்பாலும் ஜூல்ஸ். அவர்தான் எப்போதும் கொஞ்சம் ஓரமாக நிற்கிறவர்.

ஒரு வேடிக்கை. படத்தில் ஒரே ஒரு இடத்தில் உருவங்கள் இழுத்துவிட்டதுபோல் சப்பையாகத் தெரியும், அது முதல் உலகப் போர்க் காட்சி. பழைய செய்திப்படத் துண்டுகளை த்ரூஃபோவே அகலத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். அந்த இடத்தில் மட்டும் உங்கள் புரொஜெக்டர்மேல் பழி இல்லை.

இப்போது நோட்டீசுக்கு வருகிறேன். "காலத்தால் அழியாத முக்கோணக் காதல் கதை" என்று அச்சடித்து டீக்கடை வரைக்கும் ஒட்டியிருந்தீர்கள். தலைவர் சார் பேசும்போது, இந்தப் படம் பாரிஸில் வெளியான அதே 1962-ல்தான் நம் ஊரில் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வந்தது என்று சொன்னார். சரியான தகவல், நல்ல ஒப்பீடும்கூட. ஆனால் அதோடு நிறுத்திவிட்டார். அங்கே ஒருவர் விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுத்தபடியே உயிரையும் விட்டுவிடுவார், கணக்குத் தீர்ந்துவிடும். மூன்றில் ஒன்று போனால் மீதி இரண்டு. முக்கோணம் என்ற சொல்லை நாம் அப்படித்தான் பழகியிருக்கிறோம். யாருக்கு யார் என்று கடைசியில் தெரிந்துவிட வேண்டும்.

இந்தப் படத்தின் பெயரைக் கொஞ்சம் பாருங்கள். கத்ரீன் பெயர் அதில் இல்லை. இரண்டு ஆண்களின் பெயர்தான். 1912-ல் பாரிஸில் சந்திக்கிற இரண்டு இளைஞர்கள், ஒருவர் ஆஸ்திரியர், ஒருவர் பிரெஞ்சுக்காரர். ஒருவர் மொழியை ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள், கவிதைகளை மொழிபெயர்த்துக் காட்டுகிறார்கள், பணத்தைப் பற்றி இருவருக்கும் பெரிய கவலை இல்லை. ஒரு நண்பர் காட்டிய ஸ்லைடில் ஒரு கற்சிலையின் புன்னகையைப் பார்த்துவிட்டு, ஒரே மாதிரி உடுப்புத் தைத்துப் போட்டுக்கொண்டு ஏட்ரியாட்டிக் கடலில் ஒரு தீவுக்கே போய் அந்தச் சிலையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதே புன்னகையோடு ஒரு பெண் வந்தால் அவள் பின்னால் போவோம் என்பது அவர்கள் தங்களுக்குள் பேசாமலே செய்துகொண்ட ஒப்பந்தம். கத்ரீன் வருகிறாள். அவள் ஆளாக வருவதற்கு முன்பே அவர்கள் அவளைச் சிலையாகச் செய்துவைத்துவிட்டார்கள் என்பதை உங்கள் சீட்டில் எந்தக் கட்டத்தில் குறிப்பது?

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மீசை வரைந்து, தொப்பி போட்டு, தாமஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆண்பிள்ளையாகத் தெருவில் இறங்குகிறாள். பாலத்தில் மூவரும் ஓட்டப்பந்தயம் விடும்போது மூன்று எண்ணுமுன்பே ஓடி ஜெயிக்கிறாள். ஒரு நாடகம் பார்த்துவிட்டு வருகிற வழியில் ஜூல்ஸ் பெண்களைப் பற்றிப் பெரிய மேதாவிபோல் பேசிக்கொண்டே வர, பதில் ஒன்றும் சொல்லாமல் சேன் நதியில் குதிக்கிறாள். என் பின்வரிசையில் ஒருவர் "பைத்தியம்" என்றார். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்கும்போதே யாராவது எங்கேயாவது குதித்தால் தேவலை என்று இருந்தது.

அதற்காக அவளை நான் தூக்கிப் பிடிக்க வரவில்லை. இப்போதெல்லாம் கத்ரீனை விடுதலைப் பெண் என்று ஒரு பக்கம் மாலை போடுகிறார்கள், அதுவும் எனக்கு ஒட்டவில்லை. தன் பெட்டியில் ஒரு பாட்டில் அமிலம் வைத்திருக்கிறாள், பொய் சொல்லும் கண்களுக்காம். நம் நாட்டில் அமிலம் என்று கேட்டதும் நமக்கு வருகிற நினைப்பே வேறு. அவள் அதைத் தொட்டியில் கவிழ்த்துவிடுகிறாள்தான், ஆனாலும் அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. பழைய கடிதங்களைத் தரையில் போட்டு எரிக்கும்போது அவள் உடையிலேயே தீப்பற்றி, ஜிம் அணைக்கிறான். கடிதத்தை எரிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், அது தொழில் புத்தி.

கடிதம் என்று வந்துவிட்டதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். படத்தின் பின்பாதி முழுக்கக் கடிதங்களில்தான் நடக்கிறது. அன்றைக்கு அந்த இடத்தில்தான் கூடத்தில் பாதிப் பேர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். போர் முடிந்து, ஜூல்ஸும் கத்ரீனும் கல்யாணமாகிக் குழந்தையோடு ரைன் நதிப் பக்கம் மலைவீட்டில் இருக்கிறார்கள். ஜிம் வருகிறான், அவனுக்கும் கத்ரீனுக்கும் நெருக்கம் ஆகிறது, ஜூல்ஸின் சம்மதத்தோடு. இருவருக்கும் ஒரு குழந்தை வேண்டும் என்று ஆசை, உண்டாகவில்லை. கசப்பு வருகிறது. ஜிம் பாரிஸுக்குத் திரும்பிப் போய்விடுகிறான். அதன் பிறகு அவள் எழுதுகிறாள், தான் கர்ப்பமாக இருப்பதாக. அவன் காய்ச்சலில் படுத்திருக்கிறான், வர முடியவில்லை என்று எழுதுகிறான், அவள் நம்பவில்லை. அவளுடைய கோபமான கடிதம் வந்து சேரும்போது அவன் கோபம் தணிந்து எழுதிய கடிதம் கிளம்பிவிட்டது. அவன் கோபத்தில் எழுதியது அவள் கைக்குப் போகும்போது அவள் சமாதானமாகி எழுதியது வழியில் இருக்கிறது. ஒவ்வொரு கடிதமும் ஏற்கெனவே மாறிப்போன ஒரு ஆளுக்குப் போய்ச் சேருகிறது. கடைசியில் ஜூல்ஸின் கையெழுத்தில் ஒன்று வருகிறது. குழந்தை கருவிலேயே போய்விட்டது, இனி உங்கள் இருவருக்கும் நடுவில் மௌனம் இருக்கட்டும் என்று கத்ரீன் விரும்புகிறாள்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு இரவு, ரயில் கிளம்ப இருபது நிமிஷம் இருக்கும்போது பிளாட்பாரத்தில் எங்கள் அறை வாசலுக்கு ஒரு பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். சாயங்காலம் போட்ட இன்லண்ட் லெட்டரை எடுத்துத் தரவேண்டுமாம். எந்த ஊருக்கு என்றோம், சொன்னான். அந்த ஊர்ப் பை அப்போதுதான் கட்டி, அரக்கு வைத்து, முத்திரை குத்திச் சுவரோரம் சாய்த்துவைத்திருந்தோம். அரக்கு இன்னும் சூடாகவே இருந்தது. திறக்க முடியாது தம்பி என்று சூப்பர்வைசர் சொன்னார். அவன் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "அப்ப இன்னொண்ணு எழுதினா அதே வண்டியில போகுமா?" என்று கேட்டான். போகாது, மறுநாள் இரவு வண்டிதான். அவன் எழுதியது என்னவோ, யாருக்கோ, நான் கேட்கவில்லை. ஜிம் பாரிஸில் காய்ச்சலோடு எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் முகம்தான்.

படத்தில் இந்தத் தாமதம் முன்பே ஒரு தரம் வந்துவிடுகிறது, கவனித்தீர்களா? ஜூல்ஸைக் கட்டிக்கொள்வதற்கு முன் கத்ரீன் ஜிம்மிடம் ஏதோ பேசவேண்டும் என்று ஒரு காபிக்கடைக்கு ஏழு மணிக்கு வரச் சொல்கிறாள். அவன் கொஞ்சம் தாமதமாகப் போகிறான். அவளைக் காணோம். வந்துவிட்டுப் போயிருப்பாளோ என்று நினைத்துக்கொண்டே காத்திருந்துவிட்டுக் கிளம்புகிறான். அவன் வெளியே போனதும் அவள் உள்ளே வருகிறாள். அவ்வளவுதான் காட்சி, ஒரு நிமிஷம்கூட இருக்காது. அவள் என்ன சொல்ல வந்தாள் என்று படம் சொல்வதே இல்லை. அன்றைக்கு ஒரு சைக்கிள் மெசஞ்சர் இருந்திருந்தால் மிச்சப் படமே நடந்திருக்காது. உங்கள் சீட்டில் நான்காவதாக ஒரு கட்டம் போட்டு 'தபால்' என்று எழுதியிருந்தால் ஒருவேளை நான் டிக் அடித்திருப்பேன்.

இனி நான் இந்த மடலை எழுதக் காரணமான விஷயம். செயலாளர் தம்பி சீட்டுகளைப் பிரித்து எண்ணி, கத்ரீன்தான் முதலிடம் என்று மைக்கில் அறிவித்தார், கைதட்டலும் கிடைத்தது என்று மறுநாள் கேள்விப்பட்டேன். "கற்பனைக் கதாபாத்திரம்தானே, ஏன் கோபம்?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். முழுக்கக் கற்பனை இல்லை.

ஆன்ரி-பியர் ரொஷே என்ற பிரெஞ்சுக்காரர் எழுபது வயதைத் தாண்டிய பிறகு எழுதிய முதல் நாவல்தான் இந்தப் படமானது, நாவல் 1953-ல் வந்தது. ஓவியம் வாங்கி விற்கிற வட்டாரத்தில் எல்லோரையும் தெரிந்த மனிதர். நம் நாட்டோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கருக்கும் சிற்பி பிரான்குஸிக்கும் நடுவில் நின்று 'வெளியில் பறவை' (Bird in Space) சிற்பங்களை வாங்க வைத்தவர் அவர்தான். இந்தூரில் ஒரு தியான மண்டபம் கட்டப் பேச்செல்லாம் நடந்து, பிரான்குஸி அதற்காக இந்தியாவுக்கே வந்து, கட்டாமலே போனது. இது வேறு கதை. த்ரூஃபோவுக்கு அந்த நாவல் 1955-ல் ஒரு பழைய புத்தகக் குவியலில் கிடைத்தது, அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. படம் எடுக்கத் தொடங்கியது 1961-ல். ரொஷே 1959-லேயே போய்விட்டார்.

நிஜ வாழ்க்கையில் ரொஷேதான் ஜிம். ஜூல்ஸ் யார் என்றால் ஃபிரான்ஸ் ஹெஸல், பெர்லினில் வளர்ந்த யூத எழுத்தாளர். வால்ட்டர் பெஞ்சமினோடு சேர்ந்து பிரெஞ்சு எழுத்தாளர் ப்ரூஸ்தின் நாவலில் சில பாகங்களை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தவர். பெர்லின் தெருக்களில் சும்மா நடந்து திரிவதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதியவர். கத்ரீன்? ஹெலன் ஹெஸல். பாரிஸிலிருந்து ஜெர்மன் பத்திரிகைக்கு உடை, அலங்காரம் பற்றி எழுதிய பத்திரிகைக்காரர். ஃபிரான்ஸும் அவரும் கட்டிக்கொண்டார்கள், விவாகரத்து செய்துகொண்டார்கள், மறுபடியும் கட்டிக்கொண்டார்கள். ரொஷேயோடு அவருக்கு இருந்த உறவு 1920-ல் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் நீடித்தது.

படத்தின் முடிவு எல்லோருக்கும் தெரியும், நீங்களே அறிமுக உரையில் சொல்லிவிட்டீர்கள், அதற்கு என் தனி நன்றி. கத்ரீன் ஜிம்மைக் காரில் ஏற்றிக்கொண்டு உடைந்த பாலத்துக்கு ஓட்டுகிறாள், ஜூல்ஸை நன்றாகப் பார்க்கச் சொல்லிவிட்டு. இருவரும் சாக, ஜூல்ஸ் தனியாக நிற்கிறார். நிஜத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது கிட்டத்தட்டத் தலைகீழ். ஜிம் கிழவராகி நாவல் எழுதினார். முதலில் போனவர் ஜூல்ஸ். நாஜி ஆட்சியிலும் பெர்லினை விட்டுக் கிளம்ப மனம் வராமல் இருந்த ஃபிரான்ஸ் ஹெஸலை 1938-ல் வெளியே கொண்டுவந்தவர் ஹெலன். பிரான்ஸுக்குள் ஜெர்மன் படை வந்தபோது, ஜெர்மன்காரர் என்று பிரெஞ்சு அரசாங்கமே ஃபிரான்ஸ் ஹெஸலைப் பிடித்து லெ மில் தடுப்பு முகாமில் போட்டது. முன்பு அது ஓடு சுடுகிற தொழிற்சாலை. வெளியே வந்தபோது உடம்பு போய்விட்டது, 1941 ஜனவரியில் தெற்கே ஒரு கடலோர ஊரில் இறந்தார்.

படத்தில் கடைசிச் சந்திப்பு ஒரு சினிமாக் கொட்டகையில் நடக்கும். திரையில் ஓடுகிற செய்திப்படத்தில் நாஜிகள் புத்தகங்களை நெருப்பில் போடுகிறார்கள். மூவரும் அதைப் பார்க்கிறார்கள், அப்புறம் வெளியே வருகிறார்கள், கொஞ்ச நேரத்தில் கார். முதல் தடவை பார்த்தபோது இந்தச் செய்திப்படம் இங்கே எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஃபிரான்ஸ் ஹெஸல் கதை தெரிந்த பிறகு பார்த்தால், கதையில் ஜூல்ஸைப் பிழைக்கவைத்த அதே படம் அவரை எது கொன்றது என்பதையும் அரை நிமிஷம் காட்டிவிட்டுப் போவதுபோல் இருக்கிறது. அந்த அரை நிமிஷத்தில்தான், தம்பி, நீங்கள் டீ வந்துவிட்டது என்று கதவைத் திறந்து வெளிச்சம் விட்டீர்கள்.

சரி, கத்ரீன்? 1962 ஜனவரியில் படம் பாரிஸில் வெளியானபோது ஹெலனுக்கு எழுபத்தைந்து வயது. படத்தைப் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு த்ரூஃபோவுக்குக் கடிதம் எழுதினார். தன்னைத் திரையில் சாகடித்த இருபத்தொன்பது வயதுப் பையனுக்கு, உயிரோடு இருக்கிற கத்ரீன் எழுதிய கடிதம். இந்தப் படத்தோடு சேர்ந்த கடிதங்களிலேயே சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதற்குச் சில வருடம் முன்புதான் நபகோவின் 'லொலிடா'வின் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அவர் வேலை பார்த்திருந்தார். 1982 வரைக்கும் இருந்தார். படத்தில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, நிஜத்தில் இரண்டு பையன்கள். சின்னவர் ஸ்டெஃபான் ஹெஸல், பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தில் இருந்து பிடிபட்டு, புஹென்வால்ட் நாஜி முகாமில் மரணத்திலிருந்து தப்பி, பிறகு ராஜதந்திரியானவர். 2010-ல் தொண்ணூற்று மூன்று வயதில் "கோபப்படுங்கள்" என்று இளைஞர்களைப் பார்த்து ஒரு சின்னப் புத்தகம் எழுதி, அது உலகமெங்கும் லட்சக்கணக்கில் விற்றது. நீங்கள் டிக் அடித்துத் தீர்ப்புச் சொன்ன பெண்மணி வளர்த்த பிள்ளை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் படம் பார்க்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரியாமல் பார்த்தாலும் கடைசிக் காட்சியில் எல்லாம் இருக்கிறது. இரண்டு சவப்பெட்டிகள் நெருப்புக்குள் போகின்றன. எலும்பைப் பொடித்துக் கலயத்தில் போடுவதைக் காட்டுகிறார்கள், கண்ணை மூடிக்கொள்ளாமல். கத்ரீனுக்குத் தன் சாம்பலை ஒரு குன்றின்மேல் காற்றில் தூவவேண்டும் என்று ஆசை, ஆனால் சட்டம் அனுமதிக்கவில்லை. ஜூல்ஸ் தனியே படியிறங்கிப் போகிறார். இனி அவள் தன்னை விட்டுப் போவாளோ என்ற பயம்கூட அவருக்கு இல்லை. தெலெரூவின் இசை அங்கே அழவில்லை, நடக்கத் தகுந்த மாதிரி லேசாக வருகிறது. அந்த இடத்தில் கதைசொல்லியின் குரல், ஜூல்ஸுக்கும் ஜிம்முக்கும் இருந்த நட்புக்கு ஈடாகக் காதலில் ஒன்றும் இருந்ததில்லை என்கிறது. முக்கோணம் என்று நோட்டீஸ் அடித்தவர்கள் அந்த வாக்கியத்தை என்ன செய்வது? அன்றைக்கு அது காதில் விழவும் இல்லை, நாற்காலி மடக்குகிற சத்தம்.

எனக்கும் படத்தில் குறை உண்டு. அந்தக் கார் முடிவு எனக்கு ஒப்பவில்லை. இத்தனை நேரம் யாரையும் தண்டிக்காமல் வந்த படம், கடைசியில் அவளை ஆற்றில் தள்ளிக் கணக்கை முடித்துக்கொள்கிறதோ என்று தோன்றும். பிரான்ஸிலேயே இந்தப் படத்தைப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். இவ்வளவு பெரிய தண்டனையைக் கொடுத்தும் அங்கே இருந்தவர்களுக்கும் திருப்தி இல்லை, நம் கூடத்தில் இருந்தவர்களுக்கும் திருப்தி இல்லை. மேற்கொண்டு ஒரு ஓட்டெடுப்பு வேறு வேண்டியிருந்தது.

இனி என் கோரிக்கை. மழை தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை இந்தப் படத்தை மறுபடி போடுங்கள். சின்னதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, முழு அகலமும் தெரியட்டும். நோட்டீஸில் "ஜூல்ஸும் ஜிம்மும், பிரெஞ்சுப் படம், 105 நிமிடம்" என்று மட்டும் போடுங்கள், வருகிறவர்கள் வருவார்கள். முடிவை முன்னாலேயே சொல்லாதீர்கள். பாட்டை ஓட்டாதீர்கள். டீ அப்புறம்.

இன்னொன்று, தமிழில் சப்டைட்டில் போடவேண்டும், ஆங்கிலத்தில் போட்டதால் ஒரு முக்கியமான விஷயம் கரைந்துபோய்விட்டது. பிரெஞ்சிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. மலைவீட்டில் ஜூல்ஸ் ஜிம்மிடம் கெஞ்சுகிற இடம் நினைவிருக்கிறதா? ஆங்கிலத்தில் அது வெறும் 'யூ'. ஜூல்ஸ் அங்கே சொல்வது நம் மொழியில் இப்படித்தான் வரும்: "ஜிம், அவளை நேசியுங்கள், கல்யாணம் செய்துகொள்ளுங்கள், நான் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் விடுங்கள்." தன் மனைவியை நண்பனிடம் ஒப்படைக்கிற நேரத்திலும் அந்த 'ங்கள்' விடுபடவில்லை. அதே ஜூல்ஸைக் காரில் ஏறுமுன் கத்ரீன் 'நீ' என்றுதான் கூப்பிடுகிறாள். இந்த வித்தியாசம் தமிழில் ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல் வரும். ஆங்கிலத்தில் எத்தனை கெட்டிக்காரர் செய்தாலும் வராது. பிரெஞ்சு தெரிந்த ஒரு பிள்ளையைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், கடிதங்கள் வருகிற பகுதி முழுவதையும் தமிழில் சரிபார்த்துத் தட்டச்சு செய்து தருவது என் பொறுப்பு. கடிதம் விஷயத்தில் நான் அவ்வளவு சுலபமாக ஒன்றையும் தவறவிடமாட்டேன்.

சீட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒன்றும் குறிக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி எண் எழுதப் பயன்படும். ஆனால் அடுத்த தடவை மூன்றாவது வரிசை எனக்கு வேண்டாம். புரொஜெக்டருக்குப் பக்கத்தில், தம்பியின் வலது கைக்கு எட்டுகிற தூரத்தில், ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி இல்லாத பழைய உறுப்பினர் ஒருத்தி